பேரிங் வண்டியில் உட்கார்ந்தது யார்? தள்ளியது யார்?



போன வாரம் நம் குரூப்பில் ஒருவர் பழைய பேரிங் வண்டிப் படம் போட்டு, "டீச்சர், இதை யார் கண்டுபிடிச்சாங்க?" என்று கேட்டிருந்தார். ஒரே ஆளைக் கைகாட்ட முடியாது. ஆனால் அதற்கு ஒரு வரலாறு உண்டு. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

தமிழ்ப் பிள்ளைகளின் கையில் வண்டி சங்க காலத்திலேயே இருந்தது. பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்து முற்றம் ஒன்றைக் காட்டுகிறார். காயும் உணவைக் கொத்த வந்த கோழியை விரட்ட ஒரு பெண் காதுக் குழையைக் கழற்றி எறிகிறாள். கனமான அந்தக் குழை, சிறுவர்கள் உருட்டி வரும் மூன்று சக்கரச் சிறுதேரை வழிமறிக்கிறது. குறுந்தொகை 61ஆம் பாடலிலும் தச்சன் செய்த சின்ன வண்டி வருகிறது. பிள்ளைகள் அதில் ஏறுவதில்லை. கையால் இழுத்தே மகிழ்கிறார்கள்.

எங்கள் தலைமுறைக்கு நுங்கு வண்டி. நுங்கு தின்றபின் மிஞ்சும் இரண்டு குடுக்கைகளை ஒரு குச்சியின் இரு முனையிலும் குத்தி, கவைக் கம்பால் தள்ளிக்கொண்டு ஓடுவோம். அதிலும் ஏறி உட்கார முடியாது.

ஏறி உட்காரும் வண்டிக்கு இரண்டு பொருள் வேண்டியிருந்தது. ஒன்று பேரிங், இன்னொன்று தார்ச்சாலை. ஸ்வீடன் நாட்டில் ஒரு ஜவுளி ஆலையில் பொறியாளராக இருந்த ஸ்வென் விங்க்விஸ்ட், அடிக்கடி பழுதாகும் பேரிங்குகளோடு போராடி, 1907இல் புதுவகை பேரிங் ஒன்றைச் செய்தார். எஸ்.கே.எஃப். கம்பெனி அப்படித்தான் பிறந்தது. நம் பக்கம் அம்பத்தூரில் 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியது. 1960களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. ஆவடியில் 1965இல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. சுற்றிலும் லேத்துப் பட்டறைகளும் லாரி ஷெட்டுகளும் பெருகின. தேய்ந்துபோன பேரிங் இயந்திரத்துக்கு ஆகாது, பிள்ளைகளுக்கு ஆகும். மெக்கானிக் அண்ணனிடம் கெஞ்சினால் கிடைக்கும், இல்லாவிட்டால் பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கலாம். ஷெட்டில் அதை 'பால்ரஸ்' என்பார்கள்.

செய்முறை எளிது. உட்கார ஒரு பலகை. பின்னால் குறுக்குக் கட்டை, அதன் இரு முனையிலும் ஒவ்வொரு பேரிங். முன்னால் ஒரே போல்ட்டில் திரும்புகிற இன்னொரு கட்டை, அதன் நடுவில் ஒரு பேரிங். ஆக மூன்று சக்கரம், பட்டினப்பாலைத் தேரைப் போலவே! கட்டை முனையைச் சீவிச் சீவி, பேரிங்கின் உள்வளையத்துக்குள் இறுக்கமாக அடித்து ஏற்ற வேண்டும். இயந்திரத்தில் பெரும்பாலும் தண்டோடு சேர்ந்து உள்வளையம் சுழலும், வெளிவளையம் அசையாது. நம் வண்டியில் அது தலைகீழ். உள்வளையம் கட்டையைப் பிடித்துக்கொள்ள, வெளிவளையம் சாலையில் உருளும். இரும்பு நேராகத் தாரில் படுவதால்தான் தெருவே அதிரும் அந்தச் சத்தம். மண் தரையில் ஓடாது, புதைந்து நின்றுவிடும். பிரேக்? செருப்புக் குதிகால்தான்.

சரி, இறக்கத்துக்கு எங்கே போவது? மிசோரம் மலைகளில் விறகும் தண்ணீரும் ஏற்றுகிற மரச்சக்கர வண்டி, தானாகவே சரிவில் இறங்கும். சென்னீர்குப்பத்தில் மலை ஏது? ஏரிக்கரை இறக்கம், சிறுபாலத்துச் சரிவு, அவ்வளவுதான். மற்ற இடமெல்லாம் ஒருவர் முதுகைப் பிடித்துத் தள்ள வேண்டும். தள்ளியவருக்கு அடுத்த முறை உட்காரும் உரிமை.

அந்த உரிமை பையன்களுக்கு மட்டும். நாங்கள் பேரிங் தேடினோம், ஆணி பொறுக்கினோம், மூச்சு வாங்கத் தள்ளினோம். உட்காரப் போனால், "பொம்பளப் புள்ளைக்கு என்ன வண்டி?" என்று திண்ணையிலிருந்து ஒரு குரல் வரும்.

இந்தக் குரல் நம் தெருவுக்கு மட்டும் சொந்தமில்லை. பிள்ளைத்தமிழ் இலக்கணத்தில் ஆண்பிள்ளைக்குப் பத்தாவது பருவம் சிறுதேர். பெண்பிள்ளைக்கு அது கிடையாது, ஊசல்தான். தேர் ஊரைச் சுற்றும், ஊஞ்சல் இருந்த இடத்திலேயே ஆடும். அமெரிக்காவில் 1933இல் டேட்டன் நகரச் சிறுவர்கள் பெட்டிப் பலகையில் சக்கரம் மாட்டிப் பந்தயம் விடுவதை மைரன் ஸ்காட் என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர் பார்த்தார். அதிலிருந்து 1934இல் தேசியப் போட்டி பிறந்தது. சோப்புப் பெட்டியின் பெயரால் 'சோப் பாக்ஸ் டெர்பி' என்றார்கள். மறு ஆண்டே அது அக்ரன் நகருக்குப் போனது, அங்கே அதற்கென்று சரிவுப் பாதையே கட்டினார்கள். அவ்வளவு பெரிய போட்டியில் பெண்பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டது 1971இல்தான். நான்கே ஆண்டில், 1975இல், கேரன் ஸ்டெட் என்ற 11 வயதுச் சிறுமி முதல் பரிசை வென்றாள். திறமை இல்லாமல் இல்லை, இடம்தான் கொடுக்கவில்லை.

அதனால்தான் அறிவியல் பாடத்தில் உராய்வு வரும்போதெல்லாம் நான் வகுப்புக்கு பேரிங் வண்டி கொண்டுவரச் சொன்னேன். முதலில் உட்காரப் பெண்பிள்ளைகளைக் கூப்பிட்டேன். "டீச்சர் ஓரவஞ்சனை பண்றாங்க" என்று முகம் தூக்கிய பையன்கள் இன்று பெண்பிள்ளைகளுக்கு அப்பா. என்ன, ஞாபகம் வருகிறதா?

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த விடுமுறையில் வீட்டில் ஒரு வண்டி செய்யுங்கள். ஆவடி ரோட்டுப் பக்கம் வேண்டாம். வாகனம் வராத இடமாகப் பாருங்கள், தலைக்கு ஹெல்மெட் போடுங்கள். சுத்தியலை மகளிடமும் கொடுங்கள். அவள் உட்காரட்டும், அண்ணன் தள்ளட்டும். பிறகு மாறிக்கொள்ளட்டும்.

உங்கள் ஊரில் இந்த வண்டிக்கு என்ன பெயர் என்று கீழே எழுதுங்கள். படித்துக்கொண்டே இருப்பேன்.

அன்புடன்,
உங்கள் அஞ்சாம் வகுப்பு டீச்சர்,
சென்னீர்குப்பம்.