சர்க்கரையில்லா ஆற்றல் பானம்: சுவையும் ஊக்கமும்

ஆற்றல் பானம் என்பது காஃபீனை முதன்மைப் பொருளாகக் கொண்டு, டாரின், பி வகை வைட்டமின்கள், புளிப்பூட்டி, கரியமில வாயு போன்றவை சேர்த்துத் தயாரிக்கப்படும் குளிர்பானம் ஆகும். பேச்சு வழக்கில் இது ‘எனர்ஜி டிரிங்க்’ எனப்படுகிறது. சர்க்கரைக்குப் பதிலாகச் செயற்கை இனிப்பூட்டி கலந்த வகையே சர்க்கரையில்லா ஆற்றல் பானம். மதுரை நகரிலும், அதன் வடபகுதியான ஆனையூர் போன்ற இடங்களிலும் கடைகளின் குளிர்பெட்டிகளில் பன்னீர் சோடாவுக்குப் பக்கத்திலேயே இன்று இந்தக் கேன்களைக் காணலாம். தேர்வுக் காலத்தில் கண்விழித்துப் படிக்கும் மாணவர்களும் இதை நாடுகின்றனர்.

இப்பானத்தைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகள் இரண்டு. சுவை எப்படி? ‘கிக்’ இருக்கிறதா? இவ்விரண்டும் வெவ்வேறு பொருள்களால், வெவ்வேறு நேரத்தில் உண்டாகின்றன. இரண்டும் ஒரே கேனுக்குள் வந்து சேர்ந்த வரலாற்றை அறிந்தால், பானத்தைச் சரியாக மதிப்பிடலாம்.

மதுரையின் பழைய பானங்கள்

மதுரையில் தெம்புக்கென்று குடிக்கப்பட்டவை பெரும்பாலும் உணவாகவே இருந்தன. பருத்திவிதையை ஊறவைத்து அரைத்து எடுத்த பாலில் கருப்பட்டியும் சுக்கும் சேர்த்துக் காய்ச்சுவது பருத்திப்பால். பால், பாதாம் பிசின், நன்னாரி சர்பத் ஆகியவை சேர்ந்தது ஜிகர்தண்டா. பதநீரும் நீராகாரமும் உழைப்பாளிகளின் பானங்கள். இவற்றில் இனிப்போ மாவுச்சத்தோ உண்டு. அதுவே உடலுக்கு எரிபொருள் ஆயிற்று. குடித்ததும் வயிறு நிறையும், அதற்குமேல் திகட்டும்.

காப்பியின் வருகை இந்த வழக்கத்தை மாற்றியது. 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழகத்து நடுத்தர வகுப்பு வீடுகளில் காப்பி பரவியபோது, அது உடலைக் கெடுக்கும், பழக்கத்துக்கு அடிமையாக்கும் என்ற எதிர்ப்பும் எழுந்தது. வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி இக்காலத்தை ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற நூலில் ஆராய்ந்துள்ளார். காப்பி தந்த விறுவிறுப்பு உணவினால் வந்ததன்று. பாலும் சர்க்கரையும் சேராத கடுங்காப்பியும் அதே விறுவிறுப்பைத் தரும்.

ஊக்கம் வந்த வழி

அந்த விறுவிறுப்புக்குக் காரணமான காஃபீனை 1819-இல் ஜெர்மானிய வேதியியலார் ஃபிரீட்லீப் ஃபெர்டினாண்ட் ருங்கே காப்பிக்கொட்டையிலிருந்து பிரித்தெடுத்தார். நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அதுவே களைப்பையும் தூக்கத்தையும் உணர்த்துகிறது. அடினோசின் சென்று அமரவேண்டிய இடத்தில் காஃபீன் அமர்ந்துகொள்கிறது. எனவே காஃபீன் களைப்பைப் போக்குவதில்லை. களைப்பு பற்றிய செய்தியை மறைத்து வைக்கிறது.

1962-இல் ஜப்பானின் தைஷோ மருந்து நிறுவனம் டாரின் கலந்த ‘லிப்போவிட்டான் டி’ என்ற ஊக்க மருந்தைச் சிறு புட்டியில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. தாய்லாந்தில் 1970-களில் சாலியோ யூவித்யா ‘கிராத்திங் தேங்’ என்ற இனிப்புப் பானத்தை உருவாக்கினார். தாய் மொழியில் இதன் பொருள் சிவப்புக் காட்டெருது. லாரி ஓட்டுநர்களும் தொழிலாளர்களும் இதை விரும்பிக் குடித்தனர். ஆஸ்திரிய வணிகரான டீட்ரிக் மாட்டெஷிட்ஸ் அவருடன் கூட்டுச் சேர்ந்தார். வாயு சேர்த்து, சுவையை மேலைநாட்டினருக்கு ஏற்ப மாற்றி, 1987-இல் ஆஸ்திரியாவில் ‘ரெட் புல்’ விற்பனைக்கு வந்தது. அதன் 250 மில்லி கேனில் சுமார் 27 கிராம் சர்க்கரை உண்டு. சர்க்கரை கூடாது என்போரை எண்ணி 2003-இல் சர்க்கரையில்லா வகை வெளிவந்தது.

இனிப்பு வந்த வழி

சர்க்கரையில்லா இனிப்பின் வரலாறு ஆய்வகத்தில் நேர்ந்த கவனக்குறைவுகளின் வரலாறு எனலாம். 1879-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கான்ஸ்டன்டின் ஃபால்பெர்க், தம் கையில் ஒட்டியிருந்த பொருள் இனிப்பதை உணவு உண்ணும்போது உணர்ந்தார். அதுவே சாக்கரின். 1965-இல் ஜேம்ஸ் ஷ்லாட்டர் விரலை நக்கியபோது அஸ்பார்டேமின் இனிப்பு தெரியவந்தது. அசிசல்ஃபேம் பொட்டாசியம் என்ற இனிப்பூட்டி 1967-இல் ஜெர்மனியில் கண்டறியப்பட்டது.

இவ்வரிசையில் ஓர் இந்தியருக்கும் இடமுண்டு. 1976-இல் லண்டன் குயின் எலிசபெத் கல்லூரியில் பேராசிரியர் லெஸ்லி ஹாஃபின் குழுவில் சசிகாந்த் பட்னிஸ் என்ற இளம் ஆய்வாளர் இருந்தார். குளோரின் ஏற்றிய சர்க்கரைப் பொருளைச் சோதிக்குமாறு (‘டெஸ்ட்’) கேட்டுக்கொள்ளப்பட்டபோது, சுவைக்குமாறு (‘டேஸ்ட்’) சொன்னதாக எண்ணி நாவில் வைத்துப் பார்த்தார் என்பர். அப்பொருளே சர்க்கரையைவிட ஏறத்தாழ 600 மடங்கு இனிக்கும் சுக்ரலோஸ்.

சுவையை மதிப்பிடுதல்

சர்க்கரை இனிப்பை மட்டும் தருவதில்லை; பானத்துக்கு ஒரு கெட்டித்தன்மையையும் தருகிறது. இனிப்பூட்டி மிகச் சிறிய அளவே சேர்வதால் சர்க்கரையில்லா பானம் நாவில் நீர்த்தாற்போல் தோன்றும். சர்க்கரையின் இனிப்பு உடனே தோன்றி விரைவில் மறையும். சுக்ரலோஸின் இனிப்பு சற்றுப் பிந்தி வந்து நாவிலேயே தங்கும். அசிசல்ஃபேம் விரைந்து இனித்தாலும் இறுதியில் கசப்பைக் காட்டும். ஒன்றன் குறையை மற்றொன்றால் ஈடுசெய்யவே இரண்டு மூன்று இனிப்பூட்டிகளைக் கலக்கின்றனர். காஃபீனின் இயல்பான கசப்பைப் புளிப்பும் வாயுவும் மறைக்கின்றன. நன்கு குளிர்ந்த நிலையில் இனிப்பு குறைவாகவே தெரியும். பானம் வெதுவெதுப்பானால் குறைகள் வெளிப்படும்.

உணவு ஆய்வகங்களில் இதற்கென ‘முக்கோணச் சோதனை’ என்ற முறை உண்டு. பெயர் தெரியாத மூன்று குவளைகளில் இரண்டில் ஒரே பானமும் ஒன்றில் வேறு பானமும் இருக்கும். வேறுபட்டதைச் சுவைஞர் கண்டுபிடிக்க வேண்டும். கேனின் நிறமும் விளம்பரமும் நாக்கை ஏமாற்றாதிருக்கவே இந்த ஏற்பாடு.

ஊக்கத்தை மதிப்பிடுதல்

முதல் மடக்கிலேயே ‘கிக்’ ஏறிவிட்டது என்பர் சிலர். அது குளிர்ச்சியும் வாயுவும் புளிப்பும் எதிர்பார்ப்பும் சேர்ந்து தரும் உணர்வு. காஃபீன் இரத்தத்தில் உச்சத்தை எட்டப் பொதுவாக அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அதில் பாதி உடலைவிட்டு நீங்கச் சுமார் 5 மணி நேரம் பிடிக்கும்; ஆளுக்கு ஆள் இது மாறும். இரவு 10 மணிக்குக் குடித்தவருக்கு அதிகாலை 3 மணியளவிலும் ஏறக்குறைய பாதி எஞ்சியிருக்கும். படித்தது நினைவில் பதியத் தூக்கம் தேவை. அந்தத் தூக்கத்தையே இப்பானம் கெடுக்கிறது.

சர்க்கரை உள்ள கேனிலும் இல்லாத கேனிலும் காஃபீன் ஒரே அளவில் இருந்தால், கண்விழிக்க வைக்கும் ஊக்கமும் ஏறக்குறைய ஒன்றே. 27 கிராம் சர்க்கரை சுமார் 108 கிலோகலோரி ஆற்றலைத் தரும். சர்க்கரையில்லா கேனில் அது பெரும்பாலும் இல்லை. ஆகவே பெயரில் ‘ஆற்றல்’ இருந்தாலும் பானத்தில் உணவாற்றல் இல்லை என்றே கொள்ள வேண்டும்.

இந்திய விதிகள்

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016-இல் வகுத்த தரவிதியில் இதனைக் ‘காஃபீன் கலந்த பானம்’ என்றே குறிப்பிட்டது. லிட்டருக்கு 145 முதல் 300 மில்லிகிராம் வரை காஃபீன் இருக்கலாம். அதாவது 250 மில்லி கேனில் அதிக அளவாக 75 மில்லிகிராம். நாளொன்றுக்கு 500 மில்லிக்கு மேல் அருந்தக்கூடாது என்பதும், குழந்தைகள், கருவுற்றோர், பாலூட்டும் தாய்மார், காஃபீன் ஒவ்வாதோர் ஆகியோருக்கு ஏற்றதன்று என்பதும் கேனில் அச்சிடப்பட வேண்டும். லிதுவேனியா 2014-லும் போலந்து 2024-லும் 18 வயதுக்குட்பட்டோருக்கு இப்பானங்களை விற்பதையே தடைசெய்தன. உடல் எடையைக் கட்டுப்படுத்தும் வழியாகச் செயற்கை இனிப்பூட்டிகளை நம்பவேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவுறுத்தியது.

முடிவுரை

‘சர்க்கரை இல்லை’ என்ற சொல் சர்க்கரையைப் பற்றி மட்டுமே பேசுகிறது. காஃபீனைப் பற்றி எதுவும் கூறுவதில்லை. பருத்திப்பால் வயிறு நிறைந்ததும் போதும் என்று சொல்லிவிடும். குளிர்ந்த, எடையற்ற இனிப்புப் பானம் அவ்வாறு தடுப்பதில்லை. இரண்டாவது கேனையும் எளிதில் குடிக்க வைக்கும். ஆதலின் சுவையை நாவும், ஊக்கத்தைக் கடிகாரமும், அளவைக் கேனின் பின்புறத்தில் உள்ள சிறிய எழுத்துகளும் சொல்லும். மூன்றையும் படித்த பின்னரே இப்பானத்தைப் பற்றித் தீர்ப்புக் கூறுவது பொருந்தும்.