கம்பி அறியாத எல்லை

சென்ற மாதம் எங்கள் காரைக்கால் வீட்டில் டெலிபோன் கம்பியைக் கழற்றிவிட்டோம். அதற்குப் பதிலாக மேஜைமேல் உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி வந்து உட்கார்ந்திருக்கிறது. அதற்குள் ஒரு சிம் அட்டை. காற்றிலிருந்தே இண்டர்நெட்டைப் பிடித்து வீடு முழுவதற்கும் கொடுத்துவிடுகிறது.

"இனிமேல் மழை பெய்தால் லைன் சாகாது" என்றான் என் மகன். நியாயந்தான். கடற்காற்றின் உப்பு செப்புக் கம்பியின் இணைப்புகளை அரிக்காமல் விடுமா?

அம்மா மட்டும் கேட்டாள்: "ஏண்டா, நம்ம நம்பர் என்ன ஆவும்? பாரிசுல அக்காவுக்கு அது ஒண்ணுதானே மனப்பாடம்?"

எனக்குப் பதில் வரவில்லை. அந்த நம்பரில் ஒரு சரித்திரம் இருக்கிறது.

1739-ல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன காரைக்கால், இருநூறு ஆண்டுகளுக்கு மேல் சுற்றியிருந்த தஞ்சைச் சீமைக்கு அன்னிய தேசமாகவே இருந்தது. வயல் ஒன்றுதான், பாஷையும் ஒன்றுதான். கொடியும் சட்டமும் வேறு. 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவின் வசம் வந்தது. 1962 ஆகஸ்டு 16-ஆம் தேதி சட்டப்படியான மாற்றமும் நிறைவேறியது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று ஒப்பந்தம் இடம் தந்தது. அப்படி எழுதிக் கொடுத்த குடும்பம் ஒன்றில்தான் பெரியம்மா வாழ்க்கைப்பட்டாள்.

பிரெஞ்சுக்காரர் விட்டுச் சென்ற புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் ஆகிய நான்கும் ஒரே பிரதேசமாயின. சர்க்காரின் படத்தில் எங்களுக்குத் தலைநகரம் புதுச்சேரி. ஆனால் டெலிபோன் இலாகா அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை. கம்பிக்குத் தெரிந்ததெல்லாம் தூரம் ஒன்றுதான். மாஹேயைத் தலைச்சேரியோடு 0490-ல் சேர்த்தது. ஏனாமைக் காக்கிநாடாவோடு 0884-ல் சேர்த்தது. புதுச்சேரி 0413 ஆக, காரைக்காலோ 04368 ஆயிற்று. நாகப்பட்டினம் 04365, மயிலாடுதுறை 04364, திருவாரூர் 04366. ஒரு வீட்டுப் பிள்ளைகளுக்கு இனிஷியல் ஒன்றாக இருப்பது போலத்தான்! பிரெஞ்சுக்காரர் பிரித்ததைக் கம்பி சத்தமின்றிச் சேர்த்துவிட்டது.

2005-ல் அரசாங்க நிறுவனத்தின் பிராட்பேண்ட் வந்தபோது அதே செப்புக் கம்பியில்தான் குடியேறியது. பேச்சு கீழ் அலைவரிசையில். இண்டர்நெட் மேல் அலைவரிசையில். ஒரே கம்பியில் இரண்டு குடித்தனம். எக்ஸ்சேஞ்சுக்குத் தள்ளியிருந்த வீடுகளுக்கு வேகம் குறைவு. 2016-க்குப் பிறகு 4ஜி மலிந்ததும் கம்பியின் மவுசு போயிற்று.

ஆனாலும் கம்பிக்கு ஒரு பெருந்தன்மை உண்டு. எக்ஸ்சேஞ்சின் பாட்டரியே அதற்கு மின்சாரம் தருவதால், வீட்டில் கரண்ட் போனாலும் டெலிபோன் பேசும். 2018 நவம்பரில் கஜா புயல் மின்கம்பங்களைச் சாய்த்தபோது செல்போன் கோபுரங்கள் பல ஊமையாகிவிட்டதை இந்தப் பக்கத்து ஜனங்கள் மறக்கமாட்டார்கள்.

நம்பர் விஷயத்துக்கு வருகிறேன். செல்போன் நம்பரை ஒரு கம்பெனியிலிருந்து மறு கம்பெனிக்கு எடுத்துச் செல்ல 2011 முதல் நாடு முழுவதும் வசதி இருக்கிறது. கம்பி டெலிபோனின் நம்பருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. கம்பியோடு அதுவும் போய்விட்டது. செல்போனின் பத்து இலக்கங்களில் எல்லையும் இல்லை, ஊரும் இல்லை. சுவரில் இருந்த டெலிபோன் வீட்டுக்குச் சொந்தம். சட்டைப் பையில் இருப்பது ஆளுக்குச் சொந்தம்.

அன்று மாலை அம்மா என் செல்போனில் பெரியம்மாவைக் கூப்பிட்டுப் புது நம்பரைச் சொன்னாள். ஒவ்வோர் இலக்கமாக இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது. எழுதி முடித்த பெரியம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்:

"இது எந்த ஊரு நம்பருடி?"

"நம்ம ஊருதாங்க்கா" என்றாள் அம்மா. ஆனால் அதைச் சொல்லும்போது சுவரில் கம்பி இருந்த இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.