வரவு செலவுத் திட்டமும் வன்னிக் கமக்காரரும்: ஒரு வரலாற்று நோக்கு

பிரித்தானியர் ஆட்சியின்போது வன்னிக் கமக்காரர் அரசுக்கு இறுத்த வரி கண்ணுக்குத் தெரிந்த வரியாகும். விளைந்த நெல்லில் பொதுவாகப் பத்தில் ஒரு பங்கு அரசுக்குரியதெனக் கொள்ளப்பட்டது. 1878 ஆம் ஆண்டின் தானிய வரிக் கட்டளைச் சட்டம் அப்பங்கைப் பணமாகச் செலுத்தும் முறையை வலியுறுத்திற்று. மலைநாட்டின் வலப்பனைப் பகுதியில் வரி இறுக்க முடியாதோர் தம் வயல்களை இழந்தமை பெருங் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. இறுதியில் தேசாதிபதி ஹவ்லொக் காலத்தில், 1892 இல், நெல்வரியை நீக்கும் முடிவு எடுக்கப்பட்டது. 1893 சனவரி முதலாம் நாளுடன் அவ்வரி ஒழிந்தது. எனினும் இறக்குமதியாகும் அரிசி மீதான தீர்வை தொடர்ந்தது. உள்ளூர்க் கமக்காரருக்குச் சிறிதளவேனும் பாதுகாப்பு அளித்த அத்தீர்வையைக் கொழும்புத் துறைமுகத்திற் செலுத்தியவர் வணிகரே. வன்னியில் நெல் விளைவித்தவர் அதனைக் காணவில்லை.

இம்மாற்றத்தின் உட்பொருள் பின்வந்த காலத்திலேயே தெளிவாயிற்று. நெல்வரி நீங்கிய பின் அரசின் நிதிக் கொள்கை கமக்காரரைக் களத்திற் சந்திப்பது குறைந்து, சந்தையிற் சந்திப்பது மிகுந்தது. வருமான வரி விகிதங்கள் ஏறியதாலோ இறங்கியதாலோ வன்னியின் பெரும்பான்மைக் குடும்பங்கள் நேரே பாதிக்கப்பட்டதில்லை. அவர்களுடைய வாழ்வை நிர்ணயித்தவை கூப்பன் அரிசியின் விலை, நெல்லுக்கான உத்தரவாத விலை, இறக்குமதிக் கட்டுப்பாடு, நாணய மாற்று விகிதம், நீர்ப்பாசனத்துக்கான ஒதுக்கீடு என்பனவே. வரவு செலவுத் திட்டத்தில் வன்னியின் பெயர் இடம்பெறாத பகுதிகளே வன்னியைப் பெரிதும் மாற்றின என்பதை 1953, 1970, 1977 ஆகிய ஆண்டுகளின் நிகழ்வுகள் எடுத்துக்காட்டுகின்றன.

வரவு செலவுத் திட்டம் என்பது இரு கூறுகளை உடையது. ஒன்று, ஒவ்வோர் அமைச்சுக்கும் எவ்வளவு பணம் செலவிடலாம் எனப் பாராளுமன்றம் அனுமதிக்கும் ஒதுக்கீட்டுச் சட்டமூலம். மற்றையது, அப்பணத்தைத் திரட்டுவதற்கான வரி, தீர்வை, கடன் பற்றிய நிதியமைச்சரின் முன்மொழிவுகள். 1970களின் தொடக்கம் வரை இலங்கையின் நிதியாண்டு ஒக்ரோபர் முதலாம் நாள் தொடங்கிற்று. வன்னியில் காலபோக விதைப்புக்கு உரிய பருவமும் அதுவே. பின்னர் நிதியாண்டு நாட்காட்டி ஆண்டுடன் இணைக்கப்பட்டமையால், நிதியமைச்சரின் உரை பெரும்பாலும் நவம்பர் மாதத்தில் இடம்பெறலாயிற்று. விதைப்பை முடித்துவிட்ட கமக்காரர் தமது விளைச்சலுக்கு உரிய விலைச் சூழலை அதன் பின்னரே அறிந்தனர்.

செலவினப் பக்கத்தை முதலில் நோக்குவோம். இன்றைய வன்னி பெருமளவுக்கு அரசின் மூலதனச் செலவினால் உருவானதாகும். ஜே. பி. லூயிஸ் 1895 இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூல், மலேரியாவும் குளங்களின் சிதைவும் குடிசனத்தைக் குறைத்திருந்த ஒரு நிலத்தையே வருணிக்கின்றது. கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளத்தைக் கட்டும் பணி 1902 இல் தொடங்கியது. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் முடிக்குரிய காணிகளை நிலமற்ற குடியானவருக்கு வழங்க வழி செய்தது. அடுத்த ஆண்டிற் கிளிநொச்சிக் குடியேற்றம் ஆரம்பமாயிற்று. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நெருக்கடியிலிருந்து விலகி வந்தோர் இரணைமடுவின் கீழ் நெல் விளைவித்தனர். சுதந்திரத்தின் பின் பரந்தனில் அரச இரசாயனத் தொழிற்சாலை எழுந்தது; முத்தையன்கட்டு, வவுனிக்குளம் முதலிய குளங்கள் புனரமைக்கப்பட்டன. காட்டை வெட்டியவர் கமக்காரர். அணையைக் கட்டியது வரிப்பணம்.

குளம் கட்டும் செலவு கண்ணுக்குத் தெரிவது. உணவு மானியச் செலவின் விளைவோ மறைமுகமானது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942 இல், அரிசிப் பங்கீடு தொடங்கியது. போர் முடிந்தும் அது நீங்கவில்லை. கொரிய யுத்தத்தால் உயர்ந்த இறப்பர் விலை வீழ்ச்சியடைந்தபோது அரச வருமானம் சுருங்கிற்று; உலகச் சந்தையில் அரிசி விலையோ உயர்ந்து நின்றது. 1953 யூலையில் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தனா மானியத்தை வெட்டினார். கொத்தொன்று 25 சதத்துக்கு விற்ற பங்கீட்டு அரிசி 70 சதமாயிற்று. ஓகஸ்ட் 12 ஆம் நாள் நாடு தழுவிய ஹர்த்தால் நடைபெற்றது, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. ஒக்ரோபரிற் பிரதமர் டட்லி சேனாநாயக்கா பதவி விலகினார். 1962 இல் நிதியமைச்சர் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்கா பங்கீட்டு அரிசியின் அளவைக் குறைக்க முனைந்தார். ஆளுங்கட்சியினுள்ளேயே எதிர்ப்பு எழவே அவரும் பதவி துறந்தார். அரிசியைத் தொடும் நிதியமைச்சர் பதவியிழப்பார் என்னும் பாடம் கொழும்பு அரசியலில் ஆழப் பதிந்தது.

வன்னியில் இதன் விளைவு இருமுகப்பட்டது. அங்குள்ள கமக்காரர் ஒரே வேளையில் கூப்பன் அரிசி உண்பவராகவும் நெல் விற்பவராகவும் இருந்தார். உத்தரவாத விலைத் திட்டத்தின் கீழ் அரசு புசல் ஒன்றை 1950களில் 12 ரூபாவுக்கும், 1967 இன் பின் 14 ரூபாவுக்கும் வாங்கிற்று. நகர மக்களுக்கு மலிவாகவும் கமக்காரருக்கு ஆதாயமாகவும் விலை அமைய வேண்டுமெனின் இடைப்பட்ட நட்டத்தைத் திறைசேரியே சுமக்க வேண்டும். ஆண்டுதோறும் பெருகிய இச்சுமையே உணவு மானியம் எனக் கணக்கில் எழுதப்பட்டது. இம்முறையில் நுகர்வோருக்குச் செய்யப்படும் எந்த மாற்றமும் உற்பத்தியாளரைத் தீண்டாதிருக்க இயலாது.

1970 இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசின் நிதியமைச்சர் கலாநிதி என். எம். பெரேரா, இரண்டாவது கொத்து அரிசியை மீள வழங்கும் தேர்தல் வாக்குறுதியுடன் பதவியேற்றவர். ஆயினும் வெளிநாட்டுச் செலாவணி பற்றாக்குறையாகவே இருந்தது. 1973 இல் எண்ணெய் விலையும் உலகத் தானிய விலையும் ஒருங்கே ஏறியபோது இலவச அரிசி குறைக்கப்பட்டது. மாவும் சீனியும் அரிதாயின. மிளகாய், வெங்காயம் போன்ற உணவுப் பொருள்களின் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. உள்ளூர் உற்பத்தி அரச கொள்கையாயிற்று. 1974 இல் நெல்லின் உத்தரவாத விலை 33 ரூபாவாக உயர்ந்தது. மறுபுறத்தில், 1971 இல் நிறுவப்பட்ட நெல் சந்தைப்படுத்தும் சபைக்கு அப்பாற்பட்ட தனியார் வாணிகம் ஒடுக்கப்பட்டது. வீதித் தடைகளில் அரிசிப் பொதிகள் பறிமுதலாயின. நெல் விளைவித்தோர் உயர்ந்த விலையையும் அதனுடன் வந்த கட்டுப்பாட்டையும் ஒருங்கே பெற்றனர்.

மேட்டுநிலப் பயிர்களுக்கு அவ்வாறான தளை இறுக்கமாக இருக்கவில்லை. செத்தல் மிளகாயின் விலை முன்னர் எவரும் எதிர்பாராத அளவுக்கு ஏறியது. 1960களின் பிற்பகுதியில் விசுவமடு, முத்தையன்கட்டு முதலிய இடங்களிற் படித்த வாலிபர்களுக்கென அமைக்கப்பட்ட குடியேற்றத் திட்டங்கள் இக்காலத்திற் செழித்தன. அரச உத்தியோகத்தையே எதிர்பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறை மண்வெட்டியைக் கையிலெடுத்தது. உத்தியோகத்தின் கதவுகளும் பல்கலைக்கழகத்தின் கதவுகளும் தமிழ் இளைஞருக்கு ஒடுங்கிவந்த காலமும் இதுவே. நீர்ப்பம்பியும் உழவு இயந்திரமும் ஓலைக் குடிசைகளுக்குப் பதிலாகக் கல்வீடுகளும் வன்னியிற் பெருகின.

இச்செழிப்புக்குப் பின்னால் நின்ற உழைப்பையும் நோக்குதல் வேண்டும். 1970களின் நடுப்பகுதியில் உணவுப் பஞ்சம் மலையகத் தோட்டங்களைக் கடுமையாகத் தாக்கிற்று. பட்டினியாலும் வன்செயல்களாலும் துரத்தப்பட்ட மலையகக் குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளுக்கு வந்து மிளகாய்த் தோட்டங்களிற் கூலிகளாயின. மலையகத்திற் பட்டினியைக் கொணர்ந்த அதே உணவுத் தட்டுப்பாடே வன்னியில் விலையை உயர்த்திற்று. ஆதாயம் பெற்றவரும் பாதிக்கப்பட்டவரும் ஒரே தோட்டத்தின் வரப்பிற் சந்தித்தனர். இறக்குமதித் தடையின் நன்மையை மட்டும் கூறி இவ்வுண்மையை மறைப்பது வரலாறாகாது.

1977 யூலைத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி பெருவெற்றி ஈட்டியது. ஓகஸ்டில் தமிழருக்கெதிரான வன்செயல் வெடித்தது. மேலும் பல அகதிக் குடும்பங்கள் வன்னியை வந்தடைந்தன. நவம்பர் 15 ஆம் நாள் நிதியமைச்சர் றொனி டி மெல் தமது முதலாவது வரவு செலவுத் திட்டத்தை முன்வைத்தார். இறக்குமதிக் கட்டுப்பாடுகளிற் பெரும்பாலானவை நீக்கப்பட்டு அவற்றின் இடத்திற் தீர்வைகள் விதிக்கப்பட்டன. இரட்டை மாற்று விகித முறை ஒழிந்தது. அமெரிக்க டொலரின் விலை ஏறத்தாழ 16 ரூபாவாயிற்று. அடுத்த ஆண்டில் அரிசிப் பங்கீடு மாத வருமானம் 300 ரூபாவுக்குக் குறைந்த குடும்பங்களுக்கென மட்டுப்படுத்தப்பட்டது. 1979 செப்ரெம்பரில் உணவு முத்திரைகள் அதன் இடத்தைப் பெற்றன. மீதப்பட்ட பணமும் வெளிநாட்டு உதவியும் துரிதப்படுத்தப்பட்ட மகாவலித் திட்டம், வீடமைப்பு, கட்டுநாயக்கா சுதந்திர வர்த்தக வலயம் ஆகியவற்றை நோக்கித் திரும்பின. இவற்றுள் எதுவும் வன்னியை மையமாகக் கொண்டதன்று.

நாணயப் பெறுமதி குறைந்தால் இறக்குமதிப் பொருள் விலையேறும். உள்ளூர் உற்பத்தியாளர் நன்மையடைவர் என்பது பொருளியலின் பொதுக் கூற்று. மிளகாய் விடயத்தில் அது பலிக்கவில்லை. தடையினால் உள்ளூர் விலை உலக விலைக்கு மிக மேலே சென்றிருந்தது. தடை தளர்ந்து வெளிநாட்டு மிளகாய் வந்திறங்கியபோது, புதிய மாற்று விகிதத்திலும் அது உள்ளூர் விளைச்சலிலும் மலிவாயிருந்தது. அதே மாற்று விகிதம் எண்ணெய், உதிரிப் பாகம், கிருமிநாசினி ஆகியவற்றின் செலவை உயர்த்திற்று. விற்கும் பொருளின் விலை இறங்கவும் வாங்கும் பொருளின் விலை ஏறவும் கமக்காரர் இரண்டுக்கும் இடையே அகப்பட்டனர். கடன்பட்டு நீர்ப்பம்பி வாங்கியோர் தவணைப் பணம் கட்ட இயலாது தவித்தனர். நெல்லின் உத்தரவாத விலை 40 ரூபாவாக உயர்ந்தமை ஓரளவு ஆறுதல் அளித்ததாயினும், நெல்வயல் இல்லாத மேட்டுநிலத்தாருக்கு அது பயன்படவில்லை.

புதிய கொள்கை நுகர்வோருக்கு நிம்மதி அளித்தமை மறுக்கத்தக்கதன்று. ஏழாண்டுகள் வரிசைகளில் நின்ற மக்கள் கடைகளிற் பொருள்களைக் கண்டனர். கொள்கை மாறியது என்பதிலும், அது மாறிய முறையிலேயே வன்னியின் குறை அடங்கியிருந்தது. அரசின் அழைப்பை நம்பிக் காட்டை வெட்டித் தோட்டமாக்கியோருக்குப் படிப்படியான தீர்வைக் குறைப்போ, மாற்றுப் பயிருக்கான உதவியோ, கடன் நிவாரணமோ போதிய அளவிற் கிட்டவில்லை. மண்ணை நம்பலாம் என்று கருதிய இளைஞர் பலர் அதிலும் நம்பிக்கை இழந்தனர். அக்கால அரசியல் கொந்தளிப்புக்குக் காரணங்கள் பலவாயினும், இப்பொருளாதார ஏமாற்றமும் அவற்றுள் ஒன்றென ஆய்வாளர் குறிப்பிடுவர்.

முல்லைத்தீவு 1978 இலும் கிளிநொச்சி 1984 இலும் தனி மாவட்டங்களாயின. ஆனால் அவற்றின் கச்சேரிகள் காலூன்றுமுன் போர் மூண்டது. 1990 முதல் எரிபொருள், பசளை ஆகியவற்றின் மீது தடை விதிக்கப்பட்டபோது வரவு செலவுத் திட்டம் வழங்கிய சலுகை எதுவும் வன்னி வயலை எட்டவில்லை. அரசாங்க ஊழியரின் சம்பளமும் நிவாரணப் பங்கீடும் மட்டும் கொழும்பிலிருந்து கச்சேரி வழியாக வந்தன. 2002 இல் ஏ-9 வீதி திறக்கப்பட்டபின், அரசு ஒருபுறமும் விடுதலைப் புலிகள் மறுபுறமும் வரி பெற்றமையால் ஒரே சரக்கு இருமுறை வரி சுமந்தது. 2009 இல் போர் முடிந்தபோது குளங்களும் வீதிகளும் மறுபடியும் அரசின் மூலதனச் செலவையே நோக்கி நின்றன. 2025 பெப்ரவரி வரவு செலவுத் திட்டத்தில் முல்லைத்தீவின் வட்டுவாகற் பாலத்துக்கு 1,000 மில்லியன் ரூபா ஒதுக்கப்பட்டமை அவ்வகையிற் குறிப்பிடத்தக்கது.

பாலத்துக்கான ஒதுக்கீடு செய்தித்தாளிற் பெரிய எழுத்தில் வரும். வெங்காயம், உருளைக்கிழங்கு, செத்தல் மிளகாய் முதலியவற்றின் இறக்குமதி வரியோ 2007 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்க விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுச் சட்டத்தின் கீழ், வர்த்தமானி அறிவித்தல் ஒன்றினால் ஆண்டின் எந்நாளிலும் மாற்றப்படத்தக்கதாயிற்று. 1977 இல் ஒரு நவம்பர் மாலையில் நிகழ்ந்தது, இவ்வேற்பாட்டின் கீழ் அறுவடை நாளிலும் நிகழலாம். பத்தில் ஒரு பங்கைக் களத்தில் அளந்து கொடுத்த மூதாதையர் தாம் இழந்ததன் அளவை அறிந்திருந்தனர். அவ்வறிவு அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் கிட்டவேண்டுமெனின், நாற்று மேடையில் விதை இடுமுன் அவ்வாண்டின் இறக்குமதிக் கொள்கையை அரசு அறிவித்து, அறுவடை முடியும் வரை அதனைக் காத்து நிற்றல் வேண்டும். வன்னி மண் கடந்த நூற்றாண்டில் அரசிடம் எதிர்பார்த்து ஏமாந்த உறுதியும் அதுவேயாகும்.