உரோம எழுத்தில் ஒரு தமிழ் வசனம்

தமிழின் முதல் அச்சுப் புத்தகம் எது என்று கேட்டால் இலக்கிய வாசகர்கள் உடனே ‘தம்பிரான் வணக்கம்’ என்பார்கள். 1578, கொல்லம், அண்டிரிக் அடிகளார், 16 பக்கம். தமிழ் எழுத்தில் அச்சானதைச் சொன்னால் அது சரி. ஆனால் தமிழ் மொழி அதற்கு 24 ஆண்டுகள் முன்பே அச்சேறிவிட்டது. 1554-இல் லிஸ்பனில் ஒரு சின்ன ஜெபப் புத்தகம் வந்தது. விசென்தே த நசரேத், ஜோர்ஜ் கார்வல்யோ, தோமா த குருஸ் என்று போர்த்துக்கீசியப் பெயர் சூட்டப்பட்ட மூன்று தமிழர்கள் அதைத் தயாரித்தார்கள். அதில் ஒரு தமிழ் எழுத்துகூடக் கிடையாது. முழுக்க உரோம எழுத்தில் எழுதிய தமிழ், வரிக்கு வரி போர்த்துக்கீசியப் பொருளோடு.

இரண்டு புத்தகங்களும் ஒரே வேலைக்காகச் செய்யப்பட்டவை. எடுத்து வாசித்துவிட்டு மூடி வைக்கிற புத்தகங்கள் இல்லை அவை. விசுவாச மந்திரம், பத்துக் கட்டளை, பரலோக மந்திரம் இதையெல்லாம் ஒருவர் உரக்கச் சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்ல, கடைசியில் தாள் தேவைப்படாமல் போகிறவரை உதவுகிற புத்தகங்கள். நம்முடைய அச்சு வரலாறே மனப்பாடத்துக்காகத் தொடங்கியது என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

இதற்குப் பின்னால் இருப்பவர் பிரான்சிஸ் சவேரியார். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் கொஞ்சம் தெரிந்தவர்களைக் கூட்டி வைத்து, ஜெபங்களைப் பல நாள் உட்கார்ந்து மொழிபெயர்த்தார். அதை அவரே மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய் பிள்ளைகளைக் கூட்டினார். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் இதையெல்லாம் அவரே விவரிக்கிறார். பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்கும் அக்கம்பக்கத்துக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பொருள் பாதி புரிந்து பாதி புரியாமல் தமிழ் ஒப்பித்த அந்த மனிதரை முதல் ஞாயிறு பள்ளி மாணவன் என்று சொல்லத் தோன்றுகிறது. 1545-இல் அவர் மலாக்காவுக்கு வந்தார். இங்கேயும் அதே மணி, அதே பிள்ளைகள் கூட்டம், இந்த முறை மலாய் மொழியில்.

சவேரியார் சொல்லிக்கொடுத்தது ஜெபம். இன்றைக்கு நம் சபைகளில் ‘மனன வசனம்’ என்று சொல்வது வேறு. அதற்கு அதிகாரமும் எண்ணும் வேண்டும். யோவான் 3:16 என்று சொல்ல முடிவதற்கு முன்னால், யாராவது வசனங்களுக்கு எண் போட்டிருக்க வேண்டும் இல்லையா? பாரீஸ் அச்சகர் ராபர்ட் எஸ்தியென் புதிய ஏற்பாட்டுக்கு அப்படி எண் போட்டு வெளியிட்டது 1551-இல், லிஸ்பன் புத்தகத்துக்கு மூன்றே ஆண்டு முன்பு. கணினியில் நினைவகத்துக்கு முகவரி கொடுப்பது மாதிரிதான் இது. முகவரி வந்த பிறகு எந்த வரியையும் தனியாகக் கூப்பிடலாம். அதனால் வந்த லாபம் பெரிது. நஷ்டமும் உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன்.

தமிழ்ப் புரோட்டஸ்டண்ட் மரபு 1706-இல் தரங்கம்பாடியில் தொடங்குகிறது. சீகன்பால்கு அங்கே திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து எழுத்துப் படித்தார். லுத்தரின் 1529-ஆம் ஆண்டு சிற்றுபதேசத்தைத் தமிழாக்கினார். 1715-இல் புதிய ஏற்பாடு முழுதாக அச்சாகி முடிந்தது. மனப்பாடத்தை மிஷனரிகள் கொண்டுவந்து நம்மேல் திணித்தார்கள் என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆத்திசூடி, கொன்றைவேந்தன், எண்சுவடி என்று எல்லாமே ஒப்பித்துத்தான் கற்ற ஊர் அது. அகரவரிசையில் ஔவையாருக்கு ஏறிய மனது, வினாவும் விடையுமாக வந்த ஞானோபதேசத்துக்கும் ஏறியது. கொடுக்கல் வாங்கல் எதிர்த்திசையிலும் நடந்தது. சென்னை எழும்பூர் ஆண் அனாதைப் பிள்ளைகள் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரு பெல், உள்ளூர்ப் பள்ளிகளின் மணல் எழுத்தையும், ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற சட்டாம்பிள்ளை வழக்கத்தையும் ஒட்டித் தன் முறையை அமைத்து, 1797-இல் லண்டனில் புத்தகமாக வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளுக்குள் போனது.

யாழ்ப்பாணத்தில் கதை இன்னும் சுவாரஸ்யம். ஆறுமுக நாவலர் வெஸ்லியன் பள்ளியில் படித்து, பீற்றர் பேர்சிவலோடு வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்தவர். அங்கிருந்து வெளியேறியதும் அவர் கையில் எடுத்த ஆயுதங்களில் ஒன்று ‘சைவ வினாவிடை’. வடிவம் அப்படியே ஞானோபதேசப் புத்தகத்தினுடையது. கேள்வி, பதில், மனப்பாடம். எதிரியின் கருவி நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சான்றிதழ் கிடையாது.

இந்த இரண்டு மரபும் பிரிக்பீல்ட்ஸில் சந்தித்துக்கொண்டன. செங்கல் சூளையால் பெயர் பெற்ற அந்த இடத்துக்கு இரயில்வே வேலைக்கு வந்த யாழ்ப்பாணத்தாரில் கிறிஸ்தவர்கள் தமிழ் மெத்தடிஸ்ட் சபையில் கூடினார்கள். 1907-இல் இந்நாட்டில் தொடங்கிய தமிழ் லுத்தரன் பணி தரங்கம்பாடி மரபின் கிளை. அவர்களுடைய சீயோன் ஆலயம் 1924-இல் எழுந்தது. இன்றைக்கு கேஎல் சென்ட்ரலில் இறங்கினால் இரண்டுக்கும் நடந்தே போய்விடலாம். தோட்டங்களுக்கும் கிள்ளான் துறைமுகத்துக்கும் வந்தவர்கள் தமிழ்நாட்டின் பல சபைகளிலிருந்து, அந்தந்தச் சபையின் வசனங்களோடு வந்தார்கள்.

எந்த வசனம் என்பது சின்ன விஷயம் இல்லை. 18-ஆம் நூற்றாண்டின் பப்ரிசியஸ் மொழிபெயர்ப்பில் கடவுள் ‘பராபரன்’. 1871-இல் முழுமையாக வந்த பவர் ஐயர் மொழிபெயர்ப்பில் ‘தேவன்’. லுத்தரன்கள் பப்ரிசியஸை விட மனமில்லாமல் வெகுகாலம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு ‘சங்கீதம்’ என்பதைத் ‘திருப்பாடல்’ ஆக்கியது, ‘கர்த்தர்’ என்பதை ‘ஆண்டவர்’ ஆக்கியது. இன்றைய தமிழுக்கு அதுதான் பக்கம். ஆனாலும் புரோட்டஸ்டண்ட் சபைகளில் பவர் ஐயரே இன்றும் ஆட்சி செய்கிறார். இறையியல் காரணங்களைப் பெரியவர்கள் நிறையச் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான்: மனப்பாடம். ஏழு வயதில் நாக்கில் ஏறியதை எழுபது வயதில் யாரும் மாற்ற முடியாது. மொழிபெயர்ப்பாளர் போட்டியிடுவது இன்னொரு புத்தகத்தோடு அல்ல, ஒரு கிழவியின் நினைவோடு.

என் பாட்டி அப்படி ஒருத்தர். தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், எழுத்துக் கூட்டத் தெரியாதவர். சங்கீதம் 23, 91, 121 மூன்றும் தலைகீழாகத் தெரியும். “வாசிக்கத் தெரியாம எப்படிப் பாட்டி படிச்சீங்க?” என்று கேட்டால், “வாசிக்கத் தெரிஞ்சவங்க மறந்துடுவாங்கப்பா” என்பார். ‘சமுகம்’, ‘கிருபை’, ‘அடைக்கலம்’ என்ற சொற்களை நான் முதலில் கேட்டது அவர் வாயிலிருந்துதான், எந்தத் தமிழாசிரியரிடமும் இல்லை. சங்கீதம் 119 எபிரேயத்தில் 22 எழுத்துக்கு எட்டு எட்டு வசனமாக 176 வசனம் ஓடும். ஒவ்வொரு எட்டும் தன் எழுத்திலேயே தொடங்கும். மனனம் பண்ணுவதற்கு வசதியான கட்டு அது, நம் ஆத்திசூடி போல. தமிழாக்கத்தில் அந்த எழுத்துக்கட்டு போய்விட்டது. அதையும் மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் அவர் தலைமுறையில் இருந்தார்கள்.

இப்போது கிள்ளான் பள்ளத்தாக்கில் சில தமிழ்ச் சபைகளின் ஞாயிறு பள்ளித் தாளில் வசனம் உரோம எழுத்தில் வருகிறது. தேசியப் பள்ளிக்கும் சீனப் பள்ளிக்கும் போகிற பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவார்கள், வாசிக்க வராது. ‘ழ’வுக்கு இரண்டு ஆங்கில எழுத்தைப் பார்த்துத் தடுமாறி, பிறகு டீச்சர் சொல்வதைக் கேட்டுச் சரியாகவே சொல்கிறார்கள். “500-க்கும் மேல தமிழ்ப் பள்ளி இருக்கிற நாட்டுல இது வெட்கமா இல்லையா?” என்று கோபப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கோபம் நியாயம். ஆனால் 1554-ஐ நினைத்துக்கொண்டால் எனக்கு அந்தத் தாளைக் கிழித்துப் போடத் தோன்றவில்லை. எழுத்து போன வீட்டிலும் ஒலி கொஞ்ச காலம் தங்குகிறது. அந்தப் பிள்ளைகளில் சிலருக்கு வாழ்நாளில் தெரிந்த மிக நீளமான எழுத்துத் தமிழ் வாக்கியம் ஒரு மனன வசனமாகத்தான் இருக்கும். இது ஆறுதலா, எச்சரிக்கையா என்றால், இரண்டும்தான்.

எனக்கு உண்மையான கவலை எழுத்தைப் பற்றி இல்லை, தேர்வைப் பற்றி. முகவரி வைத்து ஒரு வரியைப் பிடுங்கலாம் என்றதும் நாம் எதைப் பிடுங்குகிறோம்? புது வருட ஆராதனையில் எடுக்கிற வாக்குத்தத்த அட்டை, நாட்காட்டி, காரின் பின்கண்ணாடி எல்லாவற்றிலும் எரேமியா 29:11 இருக்கும். உங்களைப் பற்றிய என் நினைவுகள் சமாதானத்துக்கானவை என்று கடவுள் சொல்கிற இடம். அது ஒரு கடிதத்தின் நடுவில் வருகிற வரி. எருசலேமிலிருந்து பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். அதற்கு முந்திய வசனமே, எழுபது வருடம் முடிகிறவரை நீங்கள் அங்கேதான் என்கிறது. கேட்டவர்களில் பெரும்பாலோர் திரும்பப் போவதற்குள் இறந்திருப்பார்கள். அதற்கும் முன்னால், 5 முதல் 7 வரை, வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் பலனைச் சாப்பிடுங்கள், பிள்ளை பெறுங்கள், நீங்கள் இருக்கிற அந்த ஊரின் நன்மைக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று வருகிறது.

தோட்டம் விட்டுத் தாமானுக்கு வந்த, தாமானிலிருந்து அடுக்குமாடிக்குப் போன ஒரு சமூகத்துக்கு, கப்பலில் வந்தவர்களின் நான்காம் தலைமுறைக்கு, இந்த மூன்று வசனமும் எழுதிக் கொடுத்த மாதிரி இருக்கிறது. நான் பார்த்த எந்த நாட்காட்டியிலும் அவை இல்லை. பாட்டிக்கு 11 தெரியும். அதற்கு முன்னால் உள்ளதை ஒருநாள் வாசித்துக் காட்டினேன். திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டார். மூன்றாவது தடவை வீடு, தோட்டம் என்ற இடம் வந்தபோது அவர் எனக்கு முன்னால் சொல்லிக்கொண்டு போனார்.