வலியறிதல்: குழந்தையின் வயிற்றுநோவை அளந்த வரலாறு

திருக்குறளின் 48ஆம் அதிகாரத்துக்கு 'வலியறிதல்' என்று பெயர். ஆண்டுதோறும் அதைப் பாடம் சொல்லும்போது மாணவர் ஒருவரேனும் நோவை அறிதல் என்று பொருள் கூறுவார். வகுப்பு சிரிக்கும். அங்கே வலி என்பது வலிமை என்று நாமும் சிரித்தபடியே திருத்துவோம். ஆயினும், அம்மாணவர் பிழையாகக் கொண்ட அப்பொருளிலேயே ஒரு வலியறிதல் அதிகாரம் ஏறக்குறைய எழுபது ஆண்டுகளாக மருத்துவ உலகில் எழுதப்பட்டு வருகிறது. அது குழந்தைகளின் வயிற்றைப் பற்றியது.

எல்லா வயிற்றுநோவும் இங்கே பேச்சன்று. குடல்வால் வீங்கினால் மருத்துவரின் விரலுக்குத் தெரியும். புண் இருந்தால் உள்நோக்கிக் கருவிக்குத் தெரியும். செயற்பாட்டுக் கோளாறு என்று சொல்லப்படுவது வேறு. உறுப்புகள் செம்மையாகவே இருக்கும்; இரத்தப் பரிசோதனையிலும் ஒன்றும் அகப்படாது. குடலுக்கும் மூளைக்கும் இடையிலான நரம்புப் போக்குவரத்தில் உணர்வு மிகைப்படுவதால் பிள்ளை நோகிறது. இந்நோவுக்குச் சாட்சி அப்பிள்ளை ஒன்றே. பள்ளி செல்லும் காலைவேளையில் அந்தச் சாட்சியின் சொல்லை எத்தனை வீடுகள் நம்பும் என்பதை நாம் அறிவோம்.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் குழந்தை மருத்துவராக இருந்தவர் ஜான் ஆப்லி. நோரா நெய்ஷ் என்பாருடன் சேர்ந்து ஆயிரம் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்து, 1958இல் முடிவுகளை வெளியிட்டார். ஏறத்தாழ 11 விழுக்காட்டினர்க்கு வயிற்றுநோவு மீண்டும் மீண்டும் வந்திருந்தது. யாரை இக்கணக்கில் சேர்ப்பது என்பதற்கு அவர் வகுத்த இலக்கணம் இது: மூன்று மாதங்களுக்குக் குறையாத காலத்தில் மூன்று முறையேனும் நோவு வந்திருக்க வேண்டும்; அது பிள்ளையின் அன்றாடச் செயல்களைத் தடுக்கும் அளவுக்குக் கடுமையாக இருக்க வேண்டும். பின்வந்த ஆய்வாளர் பலர் நெடுங்காலம் இவ்விலக்கணத்தையே பின்பற்றினர்.

இரண்டாம் உறுப்பை நாம் நின்று நோக்க வேண்டும். நோவு எவ்வளவு என்று ஆப்லி கேட்கவில்லை. அது எதைத் தடுத்தது என்றே கேட்டார். ஆட்டம் நின்றதா, படிப்பு நின்றதா என்பதே அவருடைய அளவுகோல். உள்ளே இருப்பதைப் புறத்தே அது விட்டுச்சென்ற தடத்தால் அறியும் முறை இது. எளியதெனினும் கூர்மையானது என்பது நம் கருத்து. ஆனால் ஒரு குறை உண்டு. தடுத்ததா இல்லையா என்ற இரண்டே விடைகளுக்குத்தான் அதில் இடம். சிறிது தடுத்ததற்கும் முற்றும் தடுத்ததற்கும் வேறுபாடு இல்லை.

அளவில் படிகள் வந்தது வேறொரு வாயிலில். அமெரிக்காவின் டல்சா நகரில் தீக்காயமுற்ற குழந்தைகளைக் கவனித்துவந்த டோனா வாங், கோனி பேக்கர் ஆகிய இருவரும் 1980களின் தொடக்கத்தில் பிள்ளைகளிடம் வெற்று வட்டங்களைத் தந்து முகங்களை வரையச் சொன்னார்கள். அவ்வோவியங்களிலிருந்து பிறந்ததே இன்று மருத்துவமனைச் சுவர்களில் காணும் ஆறு முகங்களின் வரிசை. ஒரு முனையில் சிரிப்பு, மறுமுனையில் கண்ணீர்.

தொல்காப்பியர் கூறும் எட்டு மெய்ப்பாடுகளில் முதலிரண்டும் நகையும் அழுகையும் அல்லவா? இடர்ப்பாடும் அங்கேதான். நோவில்லாத பிள்ளை சிரித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதில்லை. கடும் நோவுற்ற பிள்ளை அழாமலும் இருக்கலாம். ஆண்டுக்கணக்கில் வயிற்றுநோவோடு பழகிய பிள்ளைக்கு இது மிகவும் பொருந்தும். டய்வா பியரி என்பாரும் உடனாய்வாளரும் 1990இல் அமைத்த ஏழுமுக வரிசையில் சிரிப்பும் இல்லை, கண்ணீரும் இல்லை. 2001இல் அதை ஆறு முகங்களாக்கி, பூச்சியம் முதல் பத்து வரை எண் கொடுத்துத் திருத்தினார்கள். உன் முகம் எப்படி இருக்கிறது என்று அதில் கேட்பதில்லை. உள்ளே எவ்வளவு நோகிறது என்றே கேட்கிறார்கள். மெய்யின்கண் தோன்றாததற்கும் ஒரு முகம் தர முயன்ற முயற்சி என்று இதைச் சொல்லலாம்.

ஆப்லியின் கேள்வியும் மறைந்துவிடவில்லை. நாஷ்வில் நகரின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லின் வாக்கர், ஜான் கிரீன் என்பாருடன் 1991இல் பதினைந்து வினாக்கள் கொண்ட ஒரு பட்டியலை வெளியிட்டார். படியேறுவது, நண்பரோடு கூடுவது, வழக்கம்போல் உண்பது, நாள் முழுதும் பள்ளியில் இருப்பது, இரவில் உறங்குவது: ஒவ்வொன்றும் எவ்வளவு கடினமாயிற்று என்பதற்குப் பூச்சியம் முதல் நான்கு வரை மதிப்பெண்; கூட்டுத்தொகை அறுபதுக்குள். பிள்ளை நிரப்ப ஒரு படிவம், பெற்றோர் நிரப்ப ஒரு படிவம்.

ரோம் நெறிமுறைகள் என்று வழங்கும் வரையறைகளில் குழந்தைகள் முதன்முதல் இடம்பெற்றது 1999இல். பின்னர் 2006இலும் 2016இலும் அவை திருத்தப்பட்டன. நோவு மாதத்துக்கு எத்தனை நாள், எத்தனை மாதமாக என்ற கணக்கெல்லாம் நோய்க்குப் பெயரிட உதவுமேயன்றி அதன் கடுமையை அளக்கா. ஆனால் 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தில் ஒரு சொல்மாற்றம் தமிழாசிரியனின் கண்ணுக்குத் தப்பாது. உறுப்புநோய்க்கான சான்று இல்லை என்றிருந்த தொடர் நீக்கப்பட்டது. தக்க மருத்துவ ஆய்வுக்குப் பின், இக்குறிகளை வேறொரு நோயால் விளக்க இயலவில்லை என்ற பொருள்படும் தொடர் அவ்விடத்தில் வந்தது. 'ஒன்றுமில்லை' என்று கேட்டுக்கேட்டு வீடு திரும்பிய பிள்ளைக்கு இவ்வேறுபாடு சிறிதன்று.

மலத்தின் தன்மையை அளப்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. லூயிஸ், ஹீட்டன் இருவரும் 1997இல் வெளியிட்ட பிரிஸ்டல் அட்டையில் ஏழு வகைகள் இருந்தன. சிறுவர்க்கு ஏழு மிகுதி என்று கண்டு, 2010ஐ ஒட்டி அதை ஐந்தாகக் குறைத்தனர். எட்டு வயதினர் தாமே படித்துத் தேர்ந்தனர். விளக்கத்தைப் படித்துக் காட்டினால் ஆறு வயதினரும் சரியாகத் தேர்ந்தனர்.

கேட்பதே விடையை மாற்றுமோ என்னும் ஐயம் இவ்வரலாறு முழுவதும் தொடர்கிறது. வாக்கர் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளைகளை வயிறு நிறையத் தண்ணீர் குடிக்கச் செய்தனர். சில பெற்றோர் பிள்ளையின் நோவையே கவனித்துப் பேசினர். சிலர் பேச்சை வேறுபக்கம் திருப்பினர். சிலர்க்கு எவ்வறிவுறுத்தலும் இல்லை. அறிவுறுத்தல் இல்லாத நிலையோடு ஒப்பிட, கவனித்தவிடத்துப் பிள்ளைகளின் முறையீடு ஏறக்குறைய இருமடங்காயிற்று, திருப்பியவிடத்துப் பாதியாயிற்று. பிள்ளைகள் பொய் சொன்னார்கள் என்பது இதன் பொருளன்று. வயிற்றுநோவுள்ள பிள்ளைகளே, பேச்சைத் திருப்பியது தமக்கு இதமாயிருந்தது என்றனர். அவர்களுடைய பெற்றோரோ, கவனிப்பதைவிடத் திருப்புவதே தீங்கு செய்யக்கூடும் என்று அஞ்சினர்.