ஸ்பானியத்தில் செயப்படுபொருள் பதிலிப்பெயர்கள்

ஸ்பானியத்தில் 'அவனை, அதை' என்று பொருள்படும் பதிலிப்பெயரும் 'அவனுக்கு' என்று பொருள்படும் பதிலிப்பெயரும் படர்க்கையில்தான் வடிவால் பிரிகின்றன. நேர்ச் செயப்படுபொருளுக்கு ஆண்பாலில் லோ, பெண்பாலில் லா. பன்மையில் லோஸ், லாஸ். பெறுபவருக்கு இரு பாலுக்கும் லே, பன்மையில் லெஸ். தன்மையிலும் முன்னிலையிலும் மே, தே, நோஸ், ஓஸ் ஆகியவை இரண்டுக்கும் பொது. 'என்னை' என்பதும் மே, 'எனக்கு' என்பதும் மே.

தமிழில் இவ்வேலையை ஐ, கு ஆகிய வேற்றுமை உருபுகள் செய்கின்றன. மலேசியாவின் கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த தமிழ் மாணவருக்கு 'கங்காணி (மேற்பார்வையாளர்) கிராணிக்குக் (எழுத்தருக்கு) கணக்கைக் கொடுத்தார்' என்ற தொடரில் எது எதுவெனத் தடுமாற்றம் வராது. பதிலிப்பெயர் நிற்கும் இடந்தான் சிக்கல். 'எனக்கு அதைக் கொடு', 'அதை எனக்குக் கொடு' இரண்டும் தமிழில் சரி. ஸ்பானியத்தில் இரு பதிலிப்பெயர்கள் சேர்ந்து வந்தால் பெறுபவரே பொதுவாக முன்னால் வருவார். முற்றுவினைக்கு முன் தனித்து நிற்கும் இப்பெயர்கள், ஏவலில் வினையின் பின்னே ஒட்டிக்கொள்ளும்: தாமேலோ, அதாவது 'எனக்கு அதைக் கொடு'. எதிர்மறை ஏவலில் மீண்டும் முன்னே போய்விடும்: நோ மே லோ தெஸ். லே, லோ இரண்டும் அடுத்தடுத்து வந்தால் லே, செ ஆகத் திரியும். 'அவருக்கு அதைக் கொடுத்தார்' என்பது 'செ லோ தியோ' ஆகும். கிராணியின் பெயரைச் சொன்னாலும் லே கூடவே வருவதுண்டு. தமிழ்க் காதுக்குக் கூறியது கூறலாகப் படும் இது அங்கே இயல்பு வழக்கு.

உண்மையான இடறல் வினைக்கு வினை மாறும் வேற்றுமையில் இருக்கிறது. தமிழில் ஒருவருக்காகக் காத்திருக்கிறோம். ஸ்பானியத்தில் 'அவரைக் காத்திரு' என்பதுபோல் லோ எஸ்பேரோ. இங்கே மலாய் கைகொடுக்கும்: துங்கு டியா என்பதிலும் முன்னிடைச்சொல் ஏதும் இல்லை. வினவுதலில் அதே மலாய் ஏமாற்றிவிடும். தான்யா டியா என்று நேராகச் சொல்லிப் பழகியவர் ஸ்பானியத்தில் லோ போட நினைப்பார். வரவேண்டியது லே பிரெகுந்தோ. தமிழின் 'அவரிடம் கேட்டேன்' என்பதும் இதில் முழுவதுமாக வழிகாட்டாது.

விருப்பத்தைச் சொல்வதில் தமிழர் மலாய்க்காரரைவிட ஒருபடி முன்னே நிற்கிறார். சாயா சூக்கா என்பதில் 'நான்' எழுவாய். மே குஸ்தா, 'எனக்குப் பிடிக்கும்' இரண்டிலும் விரும்புபவர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். ஆயினும் 'எனக்கு அவரைப் பிடிக்கும்' என்பதில் உள்ள ஐ ஸ்பானியத்துக்குப் போகாது. பிடித்தமானவரே அங்கு எழுவாய். பலரானால் வினையும் பன்மையாகி மே குஸ்தான் என வரும்.

ஆட்களைக் குறிக்கும் நேர்ச் செயப்படுபொருளுக்கு முன் 'அ' என்ற சொல் சேரும். பொருள்களுக்குப் பொதுவாகச் சேராது. 'பால் வாங்கினேன்' என்பதில் ஐ தொக்கி நிற்கலாம், 'கங்காணியைப் பார்த்தேன்' என்பதில் நிற்கக்கூடாது என்ற தமிழ் வழக்குக்கு இது நெருங்கியது. பெறுபவருக்கு முன் வருவதும் இதே 'அ' என்பதால், ஸ்பெயினின் சில பகுதிகளில் ஆண் ஒருவரைக் குறிக்க லோவுக்குப் பதில் லே வழங்குவது வியப்பன்று. ஆண்பால் ஒருமையில் ஆளைக் குறிக்கும்போது மட்டும் அதை ஸ்பானிய அரசக் கழகம் ஏற்கிறது.