புகுமுக வகுப்பும் மருத்துவக் கல்வியும்: திருநெல்வேலி வட்டாரம், 1956–1978

இன்று மருத்துவம் பயில விழையும் மாணவர் பள்ளியிலிருந்து நேராக மருத்துவக் கல்லூரிக்குச் செல்கிறார். 1978 வரை அவ்வழியின் நடுவே கலை அறிவியல் கல்லூரி நின்றது. பாளையங்கோட்டையைத் ‘தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு’ எனப் போற்றும் எழுத்துகள் அங்குள்ள கல்லூரிகளை எண்ணிக் காட்டுகின்றன. அவற்றின் தொடக்க வகுப்புகள் மருத்துவத் தொழிலுக்கு வாயிலாக அமைந்ததை அரிதாகவே கருதுகின்றன. அவ்வாயில் பொருநைக்கரை மாணவர்க்கு எத்தகையதாக இருந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பேட்டையில் ம.தி.தா. இந்துக் கல்லூரி, பாளையங்கோட்டையில் தூய யோவான் கல்லூரி, 1923இல் தோன்றிய தூய சவேரியார் கல்லூரி, மகளிர்க்கென 1895 முதல் சாராள் தக்கர் கல்லூரி என உயர்கல்வி இங்கு முன்னரே வேரூன்றியிருந்தது. ஆயினும் மதுரை மருத்துவக் கல்லூரி 1954இல் தொடங்கும்வரை, மருத்துவம் பயிலச் சென்னைக்கோ வேலூருக்கோ செல்லவேண்டியிருந்தது. ஈராண்டு இண்டர்மீடியட் வகுப்பு 1956க்குப்பின் ஓராண்டுப் புகுமுக வகுப்பாகச் சுருங்கியது. பாளையங்கோட்டையில் 1964இல் அரசு சித்த மருத்துவக் கல்லூரியும், 1965இல் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியும் தொடங்கப்பட்டன. கல்லூரி அருகில் வந்தது. இடம் அருகில் வந்ததா என்பது வேறு வினா.

அக்காலத்தில் சென்னை மாநில அரசு மருத்துவ இடங்களை மக்கள்தொகை விகிதப்படி மாவட்டந்தோறும் பகிர்ந்தளித்தது. இராசேந்திரன் வழக்கில் (1968) உச்ச நீதிமன்றம் இம்முறையைச் செல்லாது என்றது. ஒரு மாவட்டத்தில் தகுதி மிக்கவர் தள்ளப்பட, மற்றொன்றில் அவரினும் குறைந்தவர் தேர்வாகக்கூடும் என்பது அதன் காரணம். அடுத்து அரசு, சென்னை நகரக் கல்லூரிகளை ஓர் அலகாகவும் பிற ஊர்க் கல்லூரிகளைத் தனித்தனி அலகுகளாகவும் பிரித்தது. விண்ணப்பதாரர் தமக்கு அருகிலுள்ள அலகை நாடுமாறு அறிவுறுத்தப்பட்டனர். பெரியகருப்பன் வழக்கில் (1971) இதுவும் வீழ்ந்தது. சட்டநோக்கில் இத்தீர்ப்புகள் வலுவானவை. மாவட்டங்களிடையே பள்ளிக்கல்வியில் நிலவிய ஏற்றத்தாழ்வை அவை தீர்க்க இயலாது. அது நீதிமன்றத்தின் வேலையுமன்று.

இப்பின்னணியில்தான் புகுமுக ஆண்டின் எடை விளங்கும். அம்பாசமுத்திரத்திலோ திருவைகுண்டத்திலோ தமிழ்வழியில் பதினொன்றாம் வகுப்பு முடித்த மாணவர், இனி மாநிலம் முழுவதிலுமுள்ள மாணவரோடு போட்டியிட வேண்டும். அவர் விடுதியில் தங்கி, இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகியவற்றை ஆங்கில விரிவுரைகளாகக் கேட்டார். ‘ஒளிச்சேர்க்கை’ என்று கற்றதைப் ‘போட்டோசிந்தசிஸ்’ என்று மீண்டும் கற்றார். ஆய்வகத்தில் தவளையை அறுத்தார். பாடம் பெரிதும் மாறவில்லை, மொழி மாறியது. அம்மாற்றத்திற்கு ஓராண்டு போதாது என்பது உண்மையே. எனினும் அந்த ஓராண்டு கல்லூரி ஆசிரியரின் மேற்பார்வையில், கல்லூரி ஆய்வகத்தில், சொந்த வட்டாரத்திலேயே கிடைத்தது.

புகுமுக வகுப்பைப் பள்ளிக்கு மாற்றவேண்டும் என்று கோத்தாரி கல்விக்குழு (1964–66) பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலைக் கல்வி வந்தது. அது ஓராண்டை ஈராண்டாக்கியது. கிராமத்துக்கு அருகிலும் கொணர்ந்தது. விடுதிக்கு அனுப்பத் தயங்கிய பெற்றோரின் பெண்மக்களுக்கு இது பெருநன்மை எனலாம். ஆனால் மேல்நிலைப்பள்ளியில் தமிழ்வழி மாணவர் தமிழ்வழியிலேயே தொடர்ந்தார். மொழிமாற்றம் மருத்துவக் கல்லூரியின் முதலாண்டுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. உடற்கூற்றியலும் ஆங்கிலமும் ஒருசேர எதிர்ப்பட்டன.

பின்னைய விவாதங்கள் பெரிதும் தேர்வுமுறையைச் சுற்றியே அமைந்தன: 1984இல் நுழைவுத்தேர்வு, 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதன் நீக்கம், 2017இல் நீட். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பயின்றோர்க்கு 2020இல் வழங்கப்பட்ட 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீடு, மாவட்ட ஒதுக்கீடு எழுப்பிய பழைய வினாவைப் பள்ளியை அளவுகோலாகக் கொண்டு மீண்டும் எழுப்பியது. அது இடம் தருகிறது; புகுமுக வகுப்பு தந்த இடைக்காலம் அதில் இல்லை.